24 கிலோ மின் சைக்கிளுக்கு எந்த சஸ்பென்ஷன்? பாலக்கோட்டு நண்பருக்குப் பதில்

பாலக்கோட்டிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் 250 வாட் மோட்டார் வைத்த மின்சார மவுண்டன் பைக். எடை 24 கிலோ. முன்னால் 100 மி.மீ. இறங்கக்கூடிய சுருள் ஸ்பிரிங் ஃபோர்க் (முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கவை). பின்னால் சஸ்பென்ஷன் கிடையாது. ஓட்டுபவரின் எடை 82 கிலோ. வார நாட்களில் ஊரைச் சுற்றிய மண் தடங்கள், ஞாயிறுகளில் ராயக்கோட்டைப் பக்கத்துக் கரட்டு வழிகள், மாதம் ஒருமுறை வத்தல்மலை. இறக்கத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. முன்சக்கரம் கல்லில் மோதினால் ஹேண்டில் பார் கையைவிட்டுத் திரும்பப் பார்க்கிறது. பின்புறம் எகிறி முதுகில் அடிக்கிறது. 150 மி.மீ. இறங்கும் ஏர் ஃபோர்க் (சுருளுக்குப் பதில் காற்று அடைத்தது) வாங்கி மாட்டலாமா, அல்லது இதை விற்றுவிட்டு முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்குப் போய்விடலாமா என்பது அவருடைய கேள்வி.

150 மி.மீ. வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் விலையெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறீர்கள். முன்பணம் கொடுத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. காரணத்தைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் ஒரே குறையாகச் சொன்னது உண்மையில் மூன்று வெவ்வேறு குறைகள். மணிக்கட்டு வலிக்குக் காரணம் வேறு, சக்கரம் திரும்புவதற்குக் காரணம் வேறு, பின்புறம் எகிறுவதற்குக் காரணம் வேறு. ஒரு பொருளை வாங்கி மூன்றையும் சரிசெய்ய முடியாது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். குறையைப் பிரித்துப் பார்க்காமல் பாகத்தை மாற்றினால், புதுப் பாகத்தோடு பழைய குறையே திரும்பி வரும் என்பதை அங்கே தினமும் பார்த்திருக்கிறேன்.

பின்புறத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மின் சைக்கிளுக்கும் சாதாரண சைக்கிளுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஊர் மண்டிக்குத் தக்காளி ஏற்றிவரும் டெம்போவைக் கவனித்திருப்பீர்கள். பெட்டிகள் நிறைந்திருக்கும்போது அதே பள்ளத்தில் மெத்தென்று இறங்கி ஏறும். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அதே பள்ளத்தில் குதிக்கும். டயரும் அச்சும் மாறவில்லை. மேலே இருக்கும் எடை மட்டும் குறைந்திருக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடை அதிகமாகவும், சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும் எடை குறைவாகவும் இருந்தால் வண்டி அமைதியாகப் போகும். அந்த விகிதம் கெட்டால் குதிக்கும்.

உங்கள் வண்டியில் ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் கல்லில் ஏறும்போது அந்த 3 கிலோவும் சேர்ந்து மேலே வீசப்படுகிறது. அதற்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் ஒரே ஸ்பிரிங் டயர்தான். பெடல் அச்சுக்கு அருகில் மோட்டார் வைத்த வண்டிகளில் அந்த எடை ஃபிரேமில் இருக்கிறது. அது டெம்போவில் ஏற்றிய தக்காளிபோல வண்டியை நிலத்தில் பதிய வைக்கிறது. ஹப் மோட்டார் அப்படி இல்லை. ஆகவே முன்னால் எவ்வளவு விலையுயர்ந்த ஃபோர்க் போட்டாலும் உங்கள் முதுகில் விழும் அடி ஒரு துளியும் குறையாது.

டயரில் எவ்வளவு காற்று வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெட்ரோல் பங்கில் நிரப்புகிறீர்கள் என்றால் பெரும்பாலும் 45 அல்லது 50 பி.எஸ்.ஐ. இருக்கும். தார்ச்சாலைக்கு அது சரி. கரட்டு வழியில் அந்த டயர் கல்லாகிவிடும். 2.4 அங்குல டயரில் ட்யூப் போட்டு, உங்கள் எடைக்குப் பின்னால் 28 முதல் 32, முன்னால் 24 முதல் 28 பி.எஸ்.ஐ. என்று தொடங்குங்கள். சின்னதாக ஒரு டிஜிட்டல் பிரஷர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம், 28-க்கும் 36-க்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு அதே ராயக்கோட்டை வழியில் ஒருமுறை போய் வாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

காற்றைக் குறைத்தால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். நம் மாவட்டங்களில் அதோடு சீமைக் கருவேல முள்ளும் சேர்ந்துகொள்கிறது. இதற்கு வழி ட்யூப்லெஸ். ரிம் அதற்கு ஏற்றதா என்று பாருங்கள். ஏற்றதென்றால் பின்சக்கரத்தை முதலில் மாற்றுங்கள். ஹப் மோட்டார் சக்கரத்தில் பஞ்சர் என்றால் என்ன பாடு என்பது உங்களுக்கே தெரியும்: ஒயர் கனெக்டரைக் கழற்ற வேண்டும், பெரிய நட்டுகளை அவிழ்க்க வேண்டும், அச்சு சுழலாமல் தடுக்கும் வாஷர்களை அதே வரிசையில் திரும்ப மாட்ட வேண்டும். மா தோப்புக்கு நடுவில் நின்று அந்த வேலையைச் செய்யாமல் இருப்பதற்காகவே ட்யூப்லெஸ்ஸுக்குச் செலவு செய்யலாம். ஓட்டையை அடைப்பதற்காக உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வால்வைக் கழற்றிப் பார்த்து ஊற்ற வேண்டும்.

டயருக்கு அடுத்து பின்புறத்துக்கு நான் சிபாரிசு செய்வது சஸ்பென்ஷன் சீட் போஸ்ட். மலை சைக்கிள்காரர்கள் பலர் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். சாதாரண மவுண்டன் பைக்கில் கரடுமுரடான இடத்தில் எழுந்து நின்று ஓட்டுவதுதான் முறை, கால்தான் சஸ்பென்ஷன். ஆனால் மோட்டார் உதவும் வண்டியில் நாம் ஏற்றத்திலும் உட்கார்ந்தே மிதிக்கிறோம், அதுவும் கல் கிடக்கும் ஏற்றத்தில். அங்கே இது நிஜமாகவே உதவுகிறது. குழாய்க்குள் குழாய் இறங்கும் வகையைவிட, இணைகர அமைப்பில் சீட் பின்னோக்கிக் கீழே இறங்கும் வகை நல்லது. கல்லில் மோதும்போது அடி வரும் திசையும் அதுதான். விட்டம் 27.2, 30.9, 31.6 மி.மீ. என்று வேறுபடும். இப்போதுள்ள போஸ்ட்டைக் கழற்றினால் அடியில் அச்சிட்டிருக்கும். சீட்டுக்கும் கிளாம்புக்கும் நடுவில் எவ்வளவு உயரம் தெரிகிறது என்றும் அளந்துகொள்ளுங்கள். இந்த வகைப் போஸ்ட்டுக்கு அங்கே இடம் வேண்டும்.

இப்போது மணிக்கட்டு. முதலில் பழைய ஃபோர்க் உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஃபோர்க் காலின் மேல் குழாயில், அதாவது கீழ்க்காலுக்குள் இறங்கும் குழாயில், ஒரு சிறிய கேபிள் டையைத் தளர்வாகக் கட்டி, ரப்பர் சீல் வரை கீழே தள்ளிவிடுங்கள். தண்ணீர்ப்பை, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தொட்டபடி, இறக்கத்தில் நிற்பதுபோலப் பெடலில் எழுந்து நில்லுங்கள். ஃபோர்க்கைக் குதிக்க விடாமல் மெதுவாக இறங்கிக் கேபிள் டை எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று அளந்து பாருங்கள். உங்கள் எடையிலேயே ஃபோர்க் அமரும் இந்த அளவை 'சேக்' என்பார்கள். நான் அமர்வு என்று எழுதுகிறேன். 100 மி.மீ. ஃபோர்க்கில் 15 முதல் 20 மி.மீ. இருந்தால் சரி. 35 இருந்தால் ஸ்பிரிங் உங்களுக்கு மெலிது; ஒவ்வொரு கல்லிலும் ஃபோர்க் அடிவரை போய் இடித்துக்கொண்டிருக்கும். 5 மி.மீ.தான் என்றால் ஸ்பிரிங் கனமானது, அல்லது உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகிப்போயிருக்கிறது. இரண்டிலுமே மணிக்கட்டு வலிக்கும் என்பதால்தான் அளக்கச் சொல்கிறேன்.

ஃபோர்க்கின் தலையில் இருக்கும் பிரீலோடு திருகைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அது தொடக்கத்தில் ஸ்பிரிங்கைச் சற்று அழுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். அமர்வு குறையும்; ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஸ்பிரிங் தரும் எதிர்ப்பு மாறாது. 82 கிலோ ஆளும் 24 கிலோ வண்டியும் சேர்ந்தால் 106 கிலோ. கடையில் வரும் சுருள் ஸ்பிரிங் பெரும்பாலும் இதைவிட இலகுவான சுமையை மனத்தில் வைத்துப் பொருத்தப்பட்டது. காற்று ஸ்பிரிங்கின் பெரிய வசதி இங்கேதான் இருக்கிறது: பம்பை வைத்து உங்கள் எடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஸ்பிரிங்கைவிட முக்கியமானது டேம்பர். ஸ்பிரிங் அடியை வாங்கிச் சேர்த்து வைக்கிறது. சேர்த்து வைத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவது அதன் குணம். டேம்பர் எண்ணெயைச் சிறிய துளைகள் வழியாகத் தள்ளி அந்த வேகத்தைச் சூடாக மாற்றிக் கரைக்கிறது. விலை குறைந்த சுருள் ஃபோர்க்குகள் பலவற்றில் எண்ணெய் டேம்பரே கிடையாது. வலது பக்கத் திருகு ஃபோர்க்கைப் பூட்ட மட்டும் பயன்படும். உங்களுடையதைச் சோதிப்பது சுலபம். ஹேண்டில் பாரை முழு பலத்தோடு கீழே அமுக்கிச் சட்டென்று விடுங்கள். முன்சக்கரம் தரையைவிட்டுத் துள்ளினால் உள்ளே கட்டுப்பாடு இல்லை என்று பொருள். கையில் வந்து அறைவது அந்தத் துள்ளல்தான், கல் இல்லை. 100 மி.மீ. துள்ளுவதை 150 மி.மீ. துள்ளும்படி மாற்றினால் என்ன பயன்? பணம் கொடுப்பதென்றால் நல்ல டேம்பருக்குக் கொடுங்கள். மீளும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகும், அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஷன் திருகும் உள்ள 120 மி.மீ. ஃபோர்க், இவை இல்லாத 150-ஐ எந்த இறக்கத்திலும் வெல்லும்.

மூன்றாவது குறை, ஹேண்டில் பார் திரும்புவது. இதற்குப் பெரும்பாலும் ஃபோர்க்கின் மெலிந்த கால்களே காரணம். உங்கள் வகை வண்டிகளில் மேல் குழாயின் விட்டம் 28 அல்லது 30 மி.மீ. இருக்கும். குழாயின் சுவர்த் தடிமன் மாறாமல் விட்டம் மட்டும் கூடினால் விறைப்பு ஏறத்தாழ அதன் மூன்றாம் அடுக்கில் கூடும். அதாவது 30-லிருந்து 34-க்குப் போனால் 4 மி.மீ.தான் வித்தியாசம், விறைப்போ 45 விழுக்காடு அதிகம். இதோடு சக்கரத்தைப் பிடிக்கும் அச்சையும் பாருங்கள். நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் 9 மி.மீ. குவிக் ரிலீஸ் அச்சைவிட, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் ஊடுருவிச் செல்லும் 15 மி.மீ. அச்சு சக்கரத்தை நேராகப் பிடித்து வைக்கிறது. 24 கிலோ வண்டியை முன் பிரேக் பிடித்து நிறுத்தும்போது கால்கள் பின்னோக்கி வளைவதை உங்களால் கண்ணாலேயே பார்க்க முடியும். நண்பர் யாரையாவது பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே நீங்கள் ஃபோர்க் மாற்றுவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. எவ்வளவு இறங்கும் என்பதைப் பார்த்து வாங்காமல் டேம்பரையும் கால் விட்டத்தையும் பார்த்து வாங்குங்கள் என்கிறேன்.

ஏன் 150 கூடாது என்றால், உங்கள் ஃபிரேம் 100 மி.மீ. ஃபோர்க்குக்காக வடிவமைக்கப்பட்டது. அச்சிலிருந்து ஃபோர்க்கின் தலைவரை உள்ள உயரம் 20 மி.மீ. கூடினால் ஹெட் டியூப்பின், அதாவது ஃபோர்க் நுழையும் ஃபிரேமின் முன்குழாயின், சாய்வு ஏறத்தாழ 1 டிகிரி பின்னோக்கிப் போகும். 50 மி.மீ. கூட்டினால் இரண்டரை டிகிரி. இறக்கத்தில் அது இதமாகத் தோன்றும். ஏற்றத்தில் முன்சக்கரம் தரையைப் பிடிக்காமல் இடதும் வலதும் அலையும்; சீட்டும் பின்னே சாய்வதால் உங்கள் எடை பின்சக்கரத்துக்கே போகும். மோட்டார் பின்னாலிருந்து தள்ளும் வண்டியில் இது இன்னும் மோசம். நானே பல ஆண்டுகளுக்கு முன் 100 மி.மீ. ஃபிரேமில் 150 மாட்டி ஓட்டினேன், வாங்கிய கடையில் "தாராளமாகப் போடலாம்" என்றார்கள். எட்டு மாதத்தில் ஹெட் டியூப்பின் அடிப்பக்க வெல்டிங்கில் பெயிண்ட் மயிரிழை அளவுக்குப் பிளந்தது. கீறிப் பார்த்தபோது விரிசல் உலோகத்தில் இருந்தது. நீண்ட ஃபோர்க் நீண்ட கடப்பாரைபோல ஹெட் டியூப்பை நெம்புகிறது. அந்த விரிசலை இறக்கத்தில் நடுவழியில் கண்டுபிடிக்காமல் வீட்டு வாசலில் கண்டுபிடித்தேன் என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். 120-க்கு மேல் போகாதீர்கள். ஃபிரேம் உற்பத்தியாளர் 100 மட்டும்தான் என்று சொல்லியிருந்தால் 100-லேயே நல்லதாக வாங்குங்கள்.

பொருந்துமா என்ற கேள்விதான் இதில் பணத்தை விழுங்கும் இடம். கால் விட்டம் 35 மி.மீ. உள்ள நல்ல ஃபோர்க்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ராக்‌ஷாக்ஸ் 35 கோல்டு, சன்டூர் ஜீரான் 35 போன்றவை மின் சைக்கிள் எடையைத் தாங்கும் வகுப்பைச் சேர்ந்தவை. இவற்றின் கழுத்துக் குழாய், அதாவது ஹெட் டியூப்புக்குள் நுழையும் குழாய், மேலே 28.6 மி.மீ., கீழே ஒன்றரை அங்குலம் என்று அடியில் அகன்றிருக்கும். அச்சு 15 மி.மீ. தடிமன், 110 மி.மீ. அகலம். உங்கள் வண்டியில் கழுத்துக் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே 28.6 ஆகவும், முன் ஹப் 100 மி.மீ. அகல குவிக் ரிலீஸாகவும் இருந்தால் இரண்டுமே பொருந்தாது.

ஹெட் டியூப்பின் முனையில் பேரிங் அமரும் ஹெட்செட் கப்பைத் தட்டிக் கழற்றி ஹெட் டியூப்பின் உள்விட்டத்தை வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். 44 மி.மீ. இருந்தால் நல்ல காலம்: ஹெட் டியூப்புக்கு வெளியே அமரும் அடிக் கப் ஒன்று கிடைக்கும், அதைப் போட்டால் அகன்ற கழுத்து நுழையும். 34 மி.மீ. என்றால் எந்த வழியும் இல்லை. நேர்க் கழுத்துள்ள ஃபோர்க் மட்டும்தான். அந்த நிலையில் ராக்‌ஷாக்ஸ் ரீகான் போன்ற 32 மி.மீ. கால் உள்ள ஏர் ஃபோர்க்கில் நேர்க் கழுத்து மாடலைத் தேடுங்கள். 30-லிருந்து 32 சிறிய படிதான். ஆனால் உண்மையான டேம்பரும் காற்று ஸ்பிரிங்கும் கிடைப்பதால் மணிக்கட்டுக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். அகன்ற ஃபோர்க்குக்குப் போவதென்றால் புது முன் ஹப், அதைக் கோக்கும் கூலி, கப், சில சமயம் பிரேக் அடாப்டர் என்று எல்லாவற்றையும் ஃபோர்க் விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.

இங்கே ஓசூர்க்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. எதைக் காட்டினாலும் கடைந்து கொடுத்துவிடுவார்கள், அதுவும் அருமையாக. முழு சஸ்பென்ஷன் வண்டிகளில் பின்சக்கர அடியை வாங்கும் பின் ஷாக்கின் இரண்டு முனைகளிலும் வரும் அலுமினிய புஷ், கேபிள் வழிகாட்டி, ஸ்பேசர் வளையங்கள் இவற்றையெல்லாம் தாராளமாகக் கடைந்துகொள்ளலாம். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் ஃபோர்க்கின் கழுத்துக் குழாயைக் கடைந்து மெலிதாக்குவது, நீளம் போதவில்லை என்று வெல்டிங் வைத்து நீட்டுவது, 9 மி.மீ. கால் நுனியைக் குடைந்து 15 ஆக்குவது இவை மூன்றும் செய்யவே கூடாதவை. அந்தக் குழாய் முறிந்தால் முன்சக்கரம் தனியாகப் போய்விடும். விழும்போது கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது. பட்டறைக்காரர் திறமைசாலி என்பதற்காக அவரிடம் இந்த வேலையைக் கேட்காதீர்கள்.

புது ஏர் ஃபோர்க் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கென்று தனியாக ஷாக் பம்ப் வாங்குங்கள். பங்கிலுள்ள கம்ப்ரஸரை அதன் அருகே கொண்டு போகாதீர்கள். காலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உங்கள் எடைக்கு எழுதியிருக்கும் அளவில் தொடங்கி, பத்துப் பதினைந்து முறை முழுக்க அமுக்கி விட்டு, மறுபடி அளந்து நிரப்புங்கள். உள்ளே மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் காற்று சமனாக அந்த அமுக்கல் தேவை. பிறகு கேபிள் டை முறையில் அமர்வைப் பாருங்கள். அட்டவணை சைக்கிளின் எடையைக் கேட்பதில்லை. மின் சைக்கிளுக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். பம்பைக் கழற்றும்போது வரும் 'உஸ்' என்ற சத்தம் பம்பின் குழாயில் இருந்த காற்றுதான், ஃபோர்க்கிலிருந்து போவதில்லை.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஓசூரில் விடியற்காலை 18 டிகிரியில் 90 பி.எஸ்.ஐ. நிரப்பிவிட்டு, தருமபுரியில் நண்பகல் 38 டிகிரியில் ஓட்டினால் அதே காற்று 97 அளவுக்கு ஏறியிருக்கும். எண்ணெயும் சூட்டில் இளகுவதால் ஃபோர்க் காலையில் இருந்ததைவிட வேகமாக மீளும். எனவே ஓட்டப்போகும் நேரத்துச் சூட்டில் அளவு வையுங்கள். வெயில் காலத்தில் ரீபவுண்ட் திருகை ஒரு 'கிளிக்' மெதுவான பக்கம் திருப்புவது என் வழக்கம். பொதுவாகவே மின் சைக்கிளில் ஸ்பிரிங் அழுத்தம் அதிகம் என்பதால் அது வேகமாக மீளப் பார்க்கும்; ரீபவுண்டையும் அதற்கேற்ப இறுக்க வேண்டும். அளவு தெரிய, நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடி மெதுவாக இறங்குங்கள். ஃபோர்க் ஒருமுறை அமுங்கி, மேலே வந்து, நின்றுவிட வேண்டும். இரண்டாவது ஆட்டம் தெரிந்தால் இன்னும் ஒரு கிளிக்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கிரானைட் லாரிகள் போகும் வழிகளில் படியும் வெள்ளைத் தூள், செம்மண்ணைவிடக் கொடியது. சீல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அசைவிலும் மேல் குழாயின் பூச்சை அரத்தால் தேய்ப்பதுபோலத் தேய்க்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் மெல்லிய துணியால் மேல் குழாயைத் துடையுங்கள், இரண்டு நிமிட வேலை. மோட்டார் சைக்கிள் வாட்டர் சர்வீஸில் நிறுத்திப் பீச்சி அடிக்காதீர்கள். அந்த அழுத்தம் தூளைச் சீலுக்குள்ளே தள்ளும், மோட்டார் ஒயர் நுழையும் இடத்திலும் தண்ணீரை ஏற்றிவிடும். ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளுக்குக் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற 50 மணிநேர ஓட்டத்தைக் கெடுவாக வைக்கிறது. வாரம் நான்கு மணிநேரம் ஓட்டினால் மூன்று மாதம். நம் தூசியில் அந்தக் கெடுவைத் தாண்ட விடாதீர்கள். வாங்குமுன் கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால், சீல் செட் எத்தனை நாளில் வரவழைத்துத் தருவீர்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத ஃபோர்க்கை வாங்க வேண்டாம்.

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி பற்றி. ஹப் மோட்டாரோடு வரும் மலிவான முழு சஸ்பென்ஷன் வண்டியை வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றின் பின் ஷாக் வெறும் ஸ்பிரிங்; டேம்பர் இல்லை. கனமான சக்கரம், கட்டுப்பாடில்லாத ஸ்பிரிங், ஆடும் பிவட் மூட்டு இவை மூன்றும் சேர்ந்தால் நீங்கள் இப்போது ஓட்டும் வண்டியே மேல். நடுவில் மோட்டார் வைத்த நல்ல முழு சஸ்பென்ஷன் வண்டி அற்புதமானதுதான், விலையும் அப்படியே. அதை வாங்கும் நாள் வந்தால் பின் ஷாக்குக்குச் சுருள் ஸ்பிரிங்கை ஒதுக்கிவிடாதீர்கள். சாதாரண சைக்கிளில் அதன் கூடுதல் அரைக் கிலோவுக்கு அஞ்சுவார்கள். 24 கிலோ வண்டியில் அது கணக்கிலேயே வராது. சீல் உராய்வு குறைவு, நீண்ட இறக்கத்தில் சூட்டால் குணம் மாறுவதும் குறைவு. ஆனால் பின்சக்கரத்தையும் ஷாக்கையும் இணைக்கும் லிங்க் அமைப்பு இறங்க இறங்கக் கெட்டியாகும் ஃபிரேமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடிவரை போய் இடிக்கும்.

ஸ்பிரிங் அளவுக்குத் தோராயக் கணக்கு இது. சக்கரம் 140 மி.மீ. இறங்க ஷாக் 55 மி.மீ. அமுங்குகிறது என்றால் விகிதம் 2.55. உங்கள் எடை, பை, ஸ்பிரிங்குக்கு மேலுள்ள வண்டி எடை எல்லாம் 106 கிலோ, அதில் 65 விழுக்காடு பின்னால் என்றால் 69 கிலோ, 2.55-ஆல் பெருக்கினால் ஷாக்கின் மேல் 176 கிலோ, அதாவது 388 பவுண்ட். 30 விழுக்காடு அமர்வுக்கு ஷாக் 16.5 மி.மீ., 0.65 அங்குலம் அமுங்க வேண்டும். வகுத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 600 பவுண்ட். சாதாரண மவுண்டன் பைக்குக்குப் போட்ட கணக்கைவிட இது 50 பவுண்ட் அளவுக்குக் கூடுதல். இணையத்தில் உங்கள் எடையை மட்டும் கேட்டுச் சொல்லும் அளவு ஏன் போதாமல் போகிறது என்பது இதிலிருந்து தெரியும்.

வேகக் கட்டுப்பாட்டை நீக்கிக் கொடுக்கிறார்கள், செய்துகொள்ளலாமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. மோட்டார் ஆற்றல் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்ற வரம்பில் இருப்பதால்தான் உங்கள் வண்டிக்குப் பதிவெண்ணும் உரிமமும் கேட்பதில்லை. அதைவிட, 25-லிருந்து 40-க்குப் போனால் மோதலில் கரைக்க வேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்கு. அந்த வேகத்துக்கு இந்த ஃபோர்க்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. வத்தல்மலை இறக்கத்துக்கு நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது பிரேக்தான். முன் டிஸ்க் 160 மி.மீ. என்றால், புது ஃபோர்க் இடம் கொடுக்கும்போது 180 ஆக்கிக்கொள்ளுங்கள்.

சஸ்பென்ஷன் நன்றாக அமைந்தவுடன் இன்னும் தூரம் போக ஆசை வரும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கக் காட்டு வழிகளுக்கு அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அந்தப் பகுதிகளில்தான் இருக்கிறது. சரணாலயத்துக்கு வெளியே உள்ள ஊர்ச் சாலைகளிலும் அந்தி சாய்ந்தபின் யானை நடமாட்டம் உண்டு. மின் சைக்கிள் சத்தமில்லாமல் வளைவில் திரும்பும். நீங்கள் வருவது யானைக்கும் தெரியாது. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

இந்த வாரம் காற்றையும் அமர்வையும் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். ஹெட் டியூப் உள்விட்டம், முன் ஹப்பின் அகலம், சீட் போஸ்ட் விட்டம், கேபிள் டை காட்டிய அளவு இந்த நான்கையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். 44 என்று வந்தால் எந்த அடிக் கப் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். 34 என்று வந்தால், என்னிடம் இருக்கும் 120 மி.மீ. நேர்க் கழுத்து ஃபோர்க் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டைக்குக் கொண்டு வருகிறேன். அன்று ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுவது பற்றி யோசிக்கலாம்.